பதிவு எண் ஒன்று: தண்ணீர்த் தொட்டி

நாட்டில் எந்தப் பழம்பொருளும் கவனிப்பாரின்றி அழிந்துவிடக் கூடாது என்பதில் அரசாங்கத்துக்கு இருக்கும் அக்கறையை யாரும் சந்தேகிக்க முடியாது. அந்த அக்கறை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் ஜீப்பை விட்டு இறங்கி, பாக்யலட்சுமியின் வீட்டு வாசலில் வந்து நின்றது.

பாக்யலட்சுமி அப்போது தையல் மிஷினில் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் சாம்ராஜ் முந்தின நாள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போயிருந்தான்; இனி ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். வாசலில் நின்ற அக்கறைக்கு மஞ்சுநாத் என்று பெயர். சுரங்க மரபுப் பொருட்கள் அறிவியல் பாதுகாப்புக் கூடத்தின் தனி அலுவலர். சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் அந்த லைனின் கோடியில் பூட்டிக் கிடந்த பழைய மைன்ஸ் ஸ்டோரை வெள்ளையடித்து, ஏசி மாட்டி, அதற்கு இந்தப் பெயரை வைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கூடம் தயார். பாதுகாக்கப் பொருள்தான் இல்லை.

மஞ்சுநாத்தின் பார்வை வாசல் ஓரத்தில் நான்கு கருங்கல் மேல் உட்கார்ந்திருந்த இரும்புத் தொட்டியில் விழுந்தது. அந்தக் காலத்தில் சுரங்கத்தின் ஆழக் குழியான ஷாஃப்ட்டுக்குள்ளிருந்து கல்லும் மண்ணும் தூக்கிவந்த தொட்டி அது. மைன்ஸ்காரர்கள் கழித்துப் போட்டதை சாம்ராஜின் தாத்தா உருட்டிக்கொண்டு வந்து சேர்த்திருந்தார். இருபத்தெட்டுக் குடம் பிடிக்கும். எட்டு நாளைக்கு ஒருமுறை டேங்கர் வரும் லைனில் அது எவ்வளவு பெரிய வரம் என்பது அங்கே குடம் தூக்கியவர்களுக்குத்தான் தெரியும்.

மஞ்சுநாத் கையுறை மாட்டிக்கொண்டார். சின்ன பிரஷ்ஷால் தொட்டியின் நெற்றியைத் தேய்த்தார். 1898 என்ற எண் தெரிந்தது. ஒரு அடி பின்வாங்கி நின்றார்.

"இதுல என்னம்மா பண்றீங்க?"

"தண்ணி ரொப்பி வெக்கிறோம் சார்."

"தண்ணியா! இரும்புலயா!" மஞ்சுநாத் கண்ணை மூடிக்கொண்டார். "நூத்து இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆன இரும்பும்மா. அதுல போய் தண்ணி ஊத்தறீங்களா?"

"தண்ணித் தொட்டியில வேற இன்னா சார் ஊத்துவாங்க?"

இந்தக் கேள்வி அறிவியல்பூர்வமானது அல்ல என்பதால் அவர் அடுத்த வேலைக்குப் போனார். ஜீப்பிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துவரச் செய்தார்.

"இதுல கையெழுத்துப் போடுங்க. உங்க குடும்பம் மனமுவந்து கொடுத்த கொடைன்னு எழுதியிருக்கு."

"நான் மனசு வந்து எதுவும் குடுக்கலயே சார்."

"கையெழுத்துப் போட்டா கொடை. போடலேன்னா மைன்ஸ் சொத்தை மூணு தலைமுறையா வெச்சிருக்கீங்கன்னு ஆயிடும். எது வேணும்னு நீங்களே யோசனை பண்ணிச் சொல்லுங்க. வற்புறுத்தற வழக்கம் எங்க டிபார்ட்மெண்ட்ல கிடையாது."

பாக்யலட்சுமி மனமுவந்து கையெழுத்துப் போட்டாள்.

தொட்டியைப் பாதுகாக்கும் முதல் நடவடிக்கையாக, அதிலிருந்த இருபத்திரண்டு குடம் தண்ணீர் தெருவில் கொட்டப்பட்டது. ஆறு பேர் சேர்ந்து தொட்டியைத் தூக்கினார்கள். கங்கம்மா எதிர்வீட்டிலிருந்து ஓடிவந்து, மண்ணில் ஊறுவதற்குள் ஒரு குடமாவது பிடிக்கப் பார்த்தாள். அரைக் குடம் சேறு கிடைத்தது. பாக்யலட்சுமிக்கு ஒரு சால்வையும், லேமினேட் செய்த சான்றிதழும் கிடைத்தன. சான்றிதழின் அடியில் சின்ன எழுத்தில், 'ஈரம் படாமல் வைக்கவும்' என்று அச்சிட்டிருந்தது. அதில் எந்தச் சிரமமும் இருக்கவில்லை. வீட்டில் ஈரம் என்பதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாம்ராஜ் குளிக்கத் தண்ணீர் கேட்டான். பாக்யலட்சுமி சான்றிதழைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் அதை இரண்டு முறை படித்தான்.

"உன் பேரை கரெக்டா எழுதிகீறாங்க" என்றான்.

"ஆமா. அதைத் தேச்சிக் குளி."

அந்த மாதம் அவர்கள் பிழைத்தது ரத்தினம்மாவால். ரத்தினம்மா சாம்ராஜின் தங்கை. கீழ் லைனில் வாழ்க்கைப்பட்டவள். அங்கேயும் டேங்கர் எட்டு நாளைக்கு ஒருமுறைதான். ஆனாலும் தினம் இரண்டு குடம் கொண்டுவந்து அண்ணி வீட்டில் இறக்கிவிட்டுப் போனாள். "உங்கூட்ல தொட்டி இருந்தப்போ எத்தினி தபா மொண்டுகினு போயிருப்பேன், இதுக்குப் போய் இன்னா அண்ணி" என்பாள். முகம் சுளித்தது கிடையாது.

ஆனால் வெய்யில் ஏறிக்கொண்டே போனது. ரத்தினம்மா வீட்டிலும் குடங்கள் காலியாயின. பாக்யலட்சுமி சால்வையைப் போர்த்திக்கொண்டு கூடத்துக்குப் போனாள். சால்வை போட்டுக்கொண்டு போனால் மரியாதை இருக்கும் என்று கங்கம்மா சொல்லியிருந்தாள்.

உள்ளே மார்கழி மாதம் போலக் குளிர்ந்தது. நடுக்கூடத்தில், சிவப்புக் கயிறு கட்டிய வேலிக்குள், விளக்கு வெளிச்சத்தில் தொட்டி உட்கார்ந்திருந்தது. 'பதிவு எண் ஒன்று' என்று அட்டை. பதிவு எண் இரண்டு இன்னும் வந்திருக்கவில்லை. மூலையில் ஒரு எந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

"அது இன்னா சார்?"

"காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சற எந்திரம். இரும்புக்கு ஈரம் ஆகாது. தினம் ஒரு பக்கெட் தண்ணி எடுக்குது."

"காத்துலேர்ந்தே ஒரு பக்கெட்டா! அதை இன்னா பண்றீங்க?"

"கீழ கொட்டறோம்."

பாக்யலட்சுமி சால்வையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"சார், தொட்டியைத் திருப்பிக் குடுத்துடுங்க. சால்வையையும் அட்டையையும் நான் திருப்பித் தந்துடறேன்."

மஞ்சுநாத் கோபப்படவில்லை. பதிவேட்டில் ஏறிய பொருளை எடுக்க வழி இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். பதிவு விலக்கக் குழு கூடவேண்டும். குழுவில் மூன்று பேர். ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார். இன்னொருவருடைய பதவி இன்னும் உருவாக்கப்படவில்லை. மூன்றாமவர் மஞ்சுநாத்.

"நீங்க ஒத்துக்கினா போதாதா சார்?"

"நான் ஒத்துக்கலாம்மா. ஆனா ஒத்துக்கிட்டேன்னு யார்கிட்ட சொல்றது?"

அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. ஆனால் தொட்டி உதிரத் தொடங்கியது, கொஞ்சம் கொஞ்சமாக. நான்காவது வாரம் அதன் உட்புறத்திலிருந்து வெள்ளைச் செதில் உதிர்ந்தது. ஐந்தாவது வாரம் செதில் விழுந்த இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் துரு பூத்தது. ஆறாவது வாரம் தரையில் ஒரு முறம் துரு. நூற்றிருபத்தைந்து வருஷம் ஷாஃப்ட்டையும் குடத்து இடியையும் தாங்கிய தொட்டி, அரசாங்கப் பாதுகாப்பை ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை.

மஞ்சுநாத் பயந்துபோய் பெங்களூரிலிருந்து டாக்டர் ஸ்வப்னாவை வரவழைத்தார். ஸ்வப்னா உலோகப் பாதுகாப்பில் பட்டம் பெற்றவள். கோலார் தங்கவயலில் வளர்ந்த பெண்தான். அப்பா அங்கே பெரிய எந்திரத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தவர். அவள் தொட்டியை ஒரு நாள் முழுக்கப் பார்த்தாள். செதிலைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு அமிலம் விட்டுப் பார்த்தாள். பிறகு யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். தொட்டியை வைத்திருந்தவளிடம் போய்க் கேட்டாள்.

"அக்கா, இதை எப்பவாவது காய வெச்சிருக்கீங்களா?"

"காய உட்டா குடிக்கறதுக்கு இன்னா பண்றது? அடுத்த டேங்கர் வர்ற வரைக்கும் அடியில ரெண்டு குடம் எப்பவும் நிக்கும். மேல ஈரத் துணியைப் போட்டு மூடி வெப்பேன்."

"உள்ள படிஞ்ச வெள்ளையைச் சுரண்டினதுண்டா?"

"அது பாட்டுக்கு கீது. அதை ஏன் சுரண்டணும்?"

ஸ்வப்னா சிரித்தாள். "அதுதான்க்கா அந்தத் தொட்டிக்குச் சட்டை. நம்ம ஊர் போர் தண்ணியில இருக்கற சுண்ணாம்பு வருஷக்கணக்கா படிஞ்சு இரும்பை மூடியிருக்கு. காய வெச்சதும் சட்டை வெடிச்சுடுச்சு. வெடிச்ச இடத்துல, அடியில தங்கின உப்பீரத்தோட காத்தும் சேந்து துரு புடிக்குது."

"அப்போ நான்தான் அதைப் பாத்துகினு இருந்தேனா?"

"ஆமாக்கா. எங்களைவிட நல்லா."

ஸ்வப்னாவின் அறிக்கை ஒரே பக்கம். இந்தப் பொருள் அதன் பழைய நிலையில், தண்ணீர் நிறைந்து, தினப் பயன்பாட்டில் இருப்பதே சிறந்த பாதுகாப்பு. ஆகவே உடனே உரியவர் வீட்டுக்குத் திருப்பி அனுப்புக. இப்படிப் பச்சையாக எழுதினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் வயது இருபத்தெட்டு.

மஞ்சுநாத் அறிக்கையை மூன்று நாள் படித்தார். நான்காம் நாள் அவர் முகம் தெளிந்தது.

"பொருள் வெளிய போகக் கூடாது. அது விதி. பழைய நிலை வேணும். அது அறிவியல். ரெண்டையும் மதிக்கணும். பொருள் வெளிய போகாட்டி என்ன, நிலைமை உள்ள வரலாம் இல்லையா?"

நிலைமை உள்ளே வந்தது. ஏசியை நிறுத்தினார்கள். ஈரம் உறிஞ்சும் எந்திரத்தை மூட்டைகட்டினார்கள். பாக்யலட்சுமி வீட்டு வாசலிலிருந்து நான்கு கருங்கல்லையும் எண் போட்டுப் பெயர்த்துக் கொண்டுபோய்த் தொட்டிக்கு அடியில் வைத்தார்கள். அதே ஊர் போர் தண்ணீர் தினம் ஒரு டேங்கர் கூடத்துக்கு வரவேண்டும் என்று அவசர உத்தரவு பறந்தது. மனிதர்களுக்கு எட்டு நாளைக்கு ஒருமுறை வரும் டேங்கர், தொல்பொருள் என்றதும் தினமும் வந்தது. தினப் பயன்பாடு என்ற சொல்லும் அறிக்கையில் இருந்ததால், பாக்யலட்சுமியை 'மரபுப் பயன்பாட்டாளர்' என்ற கௌரவப் பொறுப்பில் நியமித்தார்கள். தினம் பதினோரு மணிக்கு வந்து, முன்பு வீட்டில் எப்படி மொண்டாளோ அப்படியே இருபத்தைந்து குடம் மொள்ளவேண்டும்.

முதல் நாள் அவள் சந்தோஷமாகத்தான் போனாள். முதல் குடத்தை மொண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பினாள்.

"எங்கம்மா போறீங்க?" என்றார் மஞ்சுநாத்.

"வீட்டுக்கு."

"கூடத்துக்குச் சேர்ந்த எதுவும் வெளிய போகக் கூடாது. அங்க சுவரோரம் கழிவு போற ஓடை இருக்கு பாருங்க, அதுல ஊத்துங்க."

"ஓடை வெளிய போகலையா சார்?"

"ஓடையில போனா அது கழிவு. கழிவுக்கு வேற விதி."

அவள் ஊற்றினாள். இரண்டாவது குடம், மூன்றாவது குடம். ஏழாவது குடத்தில் கை நின்றுவிட்டது. ரத்தினம்மா வெய்யிலில் இரண்டு குடத்தைச் சுமந்துகொண்டு மேடேறி வருவது கண்ணில் வந்தது. ஓடையில் தண்ணீர் பளபளவென்று போய்க்கொண்டே இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அறையவேண்டும் போல் இருந்தது. மரபுப் பயன்பாட்டாளர் யாரையும் அறையலாமா என்று நியமன உத்தரவில் எதுவும் சொல்லப்படவில்லை.

மறுநாள் வந்தவள் குடத்தைத் தொடவில்லை.

"சார், இந்தப் பழைய நிலை சரியில்ல."

"என்ன சரியில்லை?"

"நான் இப்டி மொண்டு பக்கத்துல ஊத்தினதே கிடையாது. மொண்டா இடுப்புல வெச்சி, எடது பக்கமா திரும்பி, நேரா அடுப்பாங்கரைக்குப் போயிடுவேன். திரும்பும்போது குடம் தொட்டி விளிம்புல 'ணங்'னு ஒரு இடி இடிக்கும். ஓடைக்குப் போகணும்னா வலது பக்கம் திரும்ப வேண்டியிருக்குது. தப்பான பக்கம் இடிச்சிகினே இருந்தா தொட்டி இன்னாத்துக்கு ஆவும்?"

மஞ்சுநாத் ஸ்வப்னாவைப் பார்த்தார். ஸ்வப்னா குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் எந்தச் சலனமும் இல்லை.

"உண்மைதான் சார். விளிம்புல இடது பக்கம் மட்டும் தேய்மானம் இருக்கு. திசை மாறினா புதுத் தேய்மானம் ஏற்படும். பிறகு அதுக்கு நாமதான் விளக்கம் எழுதணும்."

விளக்கம் என்ற சொல் மஞ்சுநாத்தை உட்கார வைத்தது. "அடுப்பாங்கரை எவ்வளவு தூரம்?"

"இங்கேர்ந்து எரநூறு அடி நடந்தா வந்துடும் சார்."

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. குடம் தொட்டியில் அமிழ்வது முதல் பயன்பாட்டாளரின் அடுப்பங்கரையில் இறங்குவது வரை ஒரே தொடர் செயலாகக் கருதப்படும். இடையில் முறிப்பது பொருளின் நலனுக்கு ஊறு விளைவிக்கும். இவ்வாறு இறக்கப்படும் நீர் கழிவாகவே கருதப்படும். காலிக் குடத்துடன் திரும்பி வருவது பற்றித் தனியே அறிவுறுத்தப்படும்.

பாக்யலட்சுமி வீட்டில் தினம் இருபத்தைந்து குடம் கழிவு இறங்கியது. அவள் அந்தக் கழிவில் சோறு வடித்தாள், துணி துவைத்தாள், சாம்ராஜைத் தலைமுழுகச் சொன்னாள். கங்கம்மா எதிர்வீட்டு வாசலில் நின்று இதையெல்லாம் ஒரு வாரம் பார்த்தாள். எட்டாம் நாள் தன் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து ஒரு காலத்தில் சுரங்க விளக்குக்குக் கார்பைடு அடைத்து வந்த பழைய டிரம்மை உருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

"சார், நானும் மனசு வந்து குடுக்கிறேன்."

பதிவு எண் இரண்டு. அந்த டிரம்முக்கும் பழைய நிலை என்பது தண்ணீர் நிறைந்த நிலைதான் என்று கங்கம்மா கற்பூரம் அடிக்காத குறையாகச் சொன்னாள். அவள் டிரம்மின் விளிம்பிலும் ஒரு தேய்மானம் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் 'ணங் ணங்' என்று லைன் முழுக்கக் கேட்டதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் ஆராயவில்லை. இரண்டு மாதத்தில் லைனிலுள்ள முப்பத்திரண்டு வீட்டுக்கும் பதிவு எண் கிடைத்துவிட்டது. தொட்டி, டிரம், பழைய குளியல் அண்டா, யாரோ ஒருவருடைய தாத்தாவின் இரும்புப் பெட்டி. பெட்டியில் தண்ணீர் நிற்கவில்லை. அதையும் தினம் நிரப்பினார்கள்.

ஆண்டறிக்கையில் மஞ்சுநாத், முப்பத்திரண்டு பொருட்களில் ஒன்றுகூடச் சிதையவில்லை என்று எழுதினார். மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. தினம் நான்கு டேங்கர் வந்தன. சனி ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்து இளைஞர்கள் வந்தார்கள். கைத்தறி உடையும் துணிப்பையும் செப்புக் குடுவையுமாக வந்து, 'மரபு நீர் நடை' என்ற நிகழ்ச்சியில் குடம் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண், "எவ்வளவு அமைதியா இருக்கு, இதுதான் தியானம்" என்று கண்கலங்கினாள். கங்கம்மா அவளை ஐந்து குடம் தியானம் செய்யவிட்டு, தான் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள்.

இத்தனை டேங்கரும் எங்கிருந்து வருகின்றன என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே ஒருநாள் டேங்கர் டிரைவர் துரை சொன்னான். குழாயைத் தொட்டிக்குள் விட்டுவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டே சொன்னான்.

"நல்லா ரொப்பிக்கோங்கக்கா. கீழ் லைனுக்குப் போற வண்டிதான் இது. இப்போ இங்கியே முடிஞ்சிடுது."

பாக்யலட்சுமிக்குச் சுருக்கென்றது. மஞ்சுநாத்திடம் பேசிவிடவேண்டும் என்று நினைத்தாள். ஆனால் அன்று மேலிடத்து ஆய்வுக் குழு வந்திருந்தது. மறுநாள் அவளுக்குக் கழுத்தில் மாட்டும் அடையாள அட்டை கொடுத்தார்கள். வாசலில் ஒரு மேஜை போட்டு, யார் எத்தனை குடம் எடுக்கிறார்கள் என்று எழுதும் பொறுப்பையும் கொடுத்தார்கள். அதற்கடுத்த நாள் பேசலாம் என்றிருந்தாள். எழுத நிறைய இருந்தது.

ஆய்வுக் குழுவோடு வந்திருந்த ஸ்வப்னா மட்டும் பெங்களூர் திரும்புமுன் மேஜையருகே வந்து நின்றாள். "அக்கா, நான் அந்தத் தொட்டி உங்க வீட்டுக்கே வரணும்னுதான் எழுதினேன்" என்றாள்.

"வந்தா எட்டு நாளைக்கு ஒரு தபா தான கண்ணு ரொம்பும்" என்றாள் பாக்யலட்சுமி. "இங்கியே இருக்கட்டும்."

சில நாள் கழித்து ரத்தினம்மா வந்தாள். தள்ளுவண்டியில் ஒரு நீலப் பிளாஸ்டிக் டிரம் இருந்தது. உதடு வெடித்திருந்தது. வரிசையில் நின்றவர்களைத் தாண்டி நேரே மேஜைக்கு வந்தாள்.

"அண்ணி, கீழ் லைனுக்கு வண்டி வந்து பதினாறு நாளாச்சு. பிள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்பல. ரெண்டு குடம் ஊத்துங்க, போதும்."

பாக்யலட்சுமியின் கை தன்னால் குடத்தைத் தேடியது. பின்னாலிருந்து கங்கம்மா காதருகே குனிந்தாள்.

"பாக்யம், இன்னிக்கு ஒருத்திக்கு ஊத்துனா நாளைக்கு மொத்தக் கீழ் லைனும் இங்க நிக்கும். சார் பாத்தா டேங்கரையே நிறுத்திடுவாரு. உன் நாத்தனாருன்னு பாக்காத."

வரிசையிலிருந்த முப்பது பேரும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாக்யலட்சுமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கழுத்திலிருந்த அட்டையை நேராக்கினாள். எட்டி, அந்த நீல டிரம்மை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"இது வாங்கி எவ்ளோ நாளாவுது?"

"போன பொங்கலுக்கு வாங்கினது அண்ணி."

"அப்போ இன்னும் நூறு வருஷம் பத்திரமா வெச்சிகினு இரு. அப்புறம் எடுத்துகினு வா, எழுதிக்கிறேன்."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. நல்ல பதில்தான். ஒரு வருஷம் முன்னால் அந்த லைனில் யாருக்கும் இப்படிப் பேச வந்திருக்காது.

ரத்தினம்மா சிரிக்கவில்லை. சண்டைக்கும் வரவில்லை. காலி டிரம் உருளாமல் இருக்க அதன் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். வண்டியைத் திருப்பிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, "சரிங்க மேடம்" என்றாள்.

மேடம் யார் என்று பாக்யலட்சுமி திரும்பிப் பார்த்தாள். பின்னால் கங்கம்மா மட்டும்தான் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.